மெஷினில் இருந்து மேஜைக்கு: புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவருக்குப் பேச்சும் தலைமையும், படிப்படியாக

ஒரகடம், ஓசூர், அம்பத்தூர், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டையை எடுத்துக்கொண்டாலும் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறார். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு மெஷினில் சில வருடம் நிற்கிறார். செட்டிங் நன்றாகப் போடுகிறார், அவர் ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் குறைவாக இருக்கிறது. ஒருநாள் எச்.ஆரில் கூப்பிட்டுக் கடிதம் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை அவருக்குக் கீழே பதினைந்து பேர். இடையில் பயிற்சி என்று பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஒரு ஹோட்டல் ஹாலில் ஒருநாள் 'லீடர்ஷிப்' வகுப்பு, மதியம் பஃபே.

இந்த வழிகாட்டி அவருக்காக எழுதியது. ஐ.டி. கம்பெனியில் டீம் லீட் ஆனவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

வேலையிடத்தில் நன்றாகப் பேச வேண்டும் என்றதும் சரளமான ஆங்கிலமும் நடுங்காத மேடைப் பேச்சும்தான் பலருக்கு நினைவு வருகின்றன. அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு கேள்விகள். நீங்கள் சொன்னது அவர் கையில் சரியாகப் போய்ச் சேர்ந்ததா? அவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி நேரத்தோடு உங்களிடம் வந்து சேர்ந்ததா? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

படி 1: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

புது சூப்பர்வைசர் வந்ததும் ரேக்கை இடம் மாற்றுவார், பெயின்ட் அடிப்பார், புது ரெஜிஸ்டர் போடுவார். எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் விசாரணை என்று நினைப்பார்கள். மெஷின் பக்கத்திலோ டீ நேரத்திலோ பேசினால் போதும். மூன்று கேள்விகள் கேளுங்கள்:

- இந்த வேலையில் உங்களை அதிகம் படுத்துவது எது?
- பல தடவை சொல்லியும் யாரும் சரிசெய்யாதது என்ன?
- நான் எதைத் தொடாமல் விட வேண்டும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் சுவாரசியமான பதில்கள் வரும். பதில்களை ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் உங்கள் கையாலேயே முடிக்கக்கூடிய ஒரு சின்ன விஷயத்தை அந்த வாரமே முடித்துவிடுங்கள். காற்று ஹோஸில் லீக், ஓடாத ஃபேன், ஒவ்வொரு தடவையும் ஐம்பது அடி நடந்து எடுக்க வேண்டியிருக்கிற ஒரு கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி), இப்படி ஏதாவது. பேச்சு வகுப்பு எதுவும் சம்பாதித்துத் தராத மரியாதையை அந்த ஒரு ஹோஸ் கிளாம்ப் சம்பாதித்துத் தரும்.

அதே வாரத்தில் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள். யாருக்கு எது தெரியாது, எது உதவியோடு முடியும், எது தனியாக முடியும், எதை அவரால் இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும் என்று குறியுங்கள். பல கம்பெனிகளில் 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' என்று இது சுவரில் தொங்கும். ஆடிட்டுக்காகப் போட்டது என்பதால் யாரும் நம்புவதில்லை. நீங்கள் உங்களுக்காக, உண்மையாகப் போடுங்கள்.

அப்புறம், அந்தப் பதவி தனக்குத்தான் என்று காத்திருந்த சீனியர் ஒருவர் எந்த லைனிலும் இருப்பார். அவரைத் தவிர்க்காதீர்கள். முதல் வாரத்திலேயே நேராகப் பேசிவிடுவது நல்லது (டை என்பது பீஸுக்கு வடிவம் தரும் அச்சு):

"அண்ணே, இந்த டையப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது. டை மாத்தும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். லைன் பிளான் மட்டும் நான் சொன்னபடி போகட்டும். அது தப்புன்னு பட்டா என்கிட்ட தனியா சொல்லுங்க, கேக்குறேன்."

இதில் புகழ்ச்சியும் கெஞ்சலும் இல்லை. அவருக்கு உரியது எது, உங்களுக்கு உரியது எது என்று கோடு மட்டும் போட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை தோளில் கை போட்டுத் திரிந்த நண்பர்கள் விஷயமும் இப்படித்தான். கேன்டீனில் சேர்ந்தே சாப்பிடுங்கள், அதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் ஓ.டி. யாருக்கு, ஞாயிறு லீவு யாருக்கு என்பதைப் போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். சந்தேகம் கிளம்புவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

படி 2: வேலை சொல்லித்தருவது

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமுள்ளவர்கள் படைக்குப் போய்விட்டார்கள். இயந்திரத்தையே பார்த்திராதவர்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேகமாகக் கற்றுத்தரச் சூப்பர்வைசர்களைப் பழக்குவதற்காக 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்று ஒரு அரசுத் திட்டம் நடந்தது. போர் முடிந்தபின் அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவும் அதைத் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டது. அந்த வகுப்பில் வயரில் போடும் ஒரு முடிச்சைப் பயிற்சியாளர் முதலில் வாயாலேயே விளக்குவார். யாராலும் போட முடியாது. பிறகு பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் முடியாது. சொல்வது மட்டும் போதாது, காட்டுவது மட்டும் போதாது என்று ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் உறைத்துவிடும்.

அவர்கள் வகுத்த முறை நான்கு கட்டம்.

முதலில் ஆளைத் தயார் செய்வது. இந்த வேலையில் அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். இந்தப் பீஸ் எங்கே போய் எதில் மாட்டப்படுகிறது என்று சொல்லுங்கள். பிரேக்கில் போகிற பாகம் என்று தெரிந்தவர் பர் (விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) எடுப்பதற்கும் தெரியாதவர் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது, செய்து காட்டுவது. முதல் தடவை முக்கியமான படிகளை மட்டும் சொல்லிச் செய்யுங்கள். அடுத்த தடவை ஒவ்வொரு படியிலும் எது பிசகினால் பீஸ் கெடும் அல்லது கை போகும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை அது ஏன் என்ற காரணத்தையும் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் தங்காது.

மூன்றாவது, அவரைச் செய்யவிடுவது. முதலில் பேசாமல் செய்யட்டும். பிறகு, என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

நான்காவது, தனியே விட்டுவிட்டுப் பின்தொடர்வது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிவிடுங்கள். முதல் நாள் அடிக்கடி போய்ப் பாருங்கள், பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லித்தந்தவர் கற்றுத்தரவில்லை என்று பொருள் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. கேட்கக் கசக்கும். ஆனால் 'எத்தனை தடவ சொன்னாலும் இவனுக்கு மண்டையில ஏறாது' என்று புலம்புவதைவிட இது உபயோகமானது.

தினசரி உத்தரவுகளுக்கு நான்கு கட்டமும் தேவையில்லை. 'புரியுதா?' என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு உலகில் ஒரே பதில்தான்: 'புரியுது சார்.' அதற்குப் பதிலாக, "இப்ப முதல்ல என்ன பண்ணப் போறீங்க?" என்று கேளுங்கள். "ரெண்டாவது பீஸ்ல அளவு தள்ளிப்போனா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதிலில் ஓட்டை தெரிந்துவிடும். கோபப்படாமல் அந்த ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும்.

இங்கே பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று பல லைன்களில் பாதிப் பேர் அவர்கள்தான். 'சம்ஜா?' என்றால் 'ஹான் ஜி' என்று வரும். மொழி மாறினாலும் கதை அதேதான். சத்தமாகத் தமிழில் சொன்னால் புரிந்துவிடாது. நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று, கெட்ட பீஸில் தவறான இடத்தைச் சிவப்பு மார்க்கரால் வட்டமிட்டு மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். செய்முறைத் தாளில் எழுத்தைக் குறைத்துப் புகைப்படத்தைக் கூட்டுங்கள். அவர்களில் தமிழ் பழகிய ஒருவர் எப்படியும் இருப்பார். ஆபத்து தொடர்பான விஷயங்களை அவர் மூலம் சொல்லி, அவர் மூலமே திருப்பிச் சொல்லக் கேளுங்கள். ஒருவரையும் 'ஏய் இந்திக்காரா' என்று கூப்பிடாதீர்கள், மற்றவர்களையும் கூப்பிட விடாதீர்கள். பெயர் தெரியாத ஆள் கெட்ட செய்தியை உங்களிடம் கொண்டுவர மாட்டார்.

படி 3: ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம்

நின்றபடியே பேசுங்கள். நேற்று என்ன ஆனது, இன்று என்ன ஓடுகிறது, எங்கே கவனம் வேண்டும், இந்த மூன்றும் போதும். 'பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்' என்று தினமும் சொன்னால் அது ஃபேன் சத்தத்தோடு சேர்ந்துவிடும். "மூணாவது பிரஸ் மெஷின்ல பாதுகாப்புக் கதவு சரியா மூடல, மெயின்டனன்ஸ் வந்து முடிக்கிற வரைக்கும் அதை யாரும் ஓட்டக் கூடாது" என்று சொன்னால் காது திரும்பும். கடைசி ஒரு நிமிடத்தை அவர்களுக்கு விடுங்கள். முதல் சில நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை, அந்த நிமிடத்தை நீங்கள் பேசி நிரப்பாமல் இருங்கள்.

வாரத்தில் ஒருநாள் வேறு யாரையாவது இந்த ஐந்து நிமிடத்தை நடத்தச் சொல்லுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும்.

படி 4: ஷிஃப்ட் ஒப்படைப்பு

1988 ஜூலை 6. வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்-எரிவாயு மேடை. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல என்றாலும், ஒப்படைப்பிலும் வேலை அனுமதிச் சீட்டு முறையிலும் இருந்த ஓட்டை விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது.

நம் லைனில் அவ்வளவு ஆகாது என்று நினைக்கலாம். ஆனால் வேர் அதேதான். இரண்டு மணிக்கு ஏ ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது, பி ஷிஃப்ட் கார்டு பஞ்ச் செய்துகொண்டிருக்கிறது, லாக் புக்கில் 'எல்லாம் ஓகே'.

நீங்கள் செய்ய வேண்டியது: முடியாமல் பாதியில் நிற்கிற வேலையை முதலில் சொல்லுங்கள், முடிந்ததை அப்புறம். கழற்றியது, பைபாஸ் செய்தது, தற்காலிகமாகக் கட்டி வைத்தது எதுவாக இருந்தாலும் லாக் புக்கில் எழுதுங்கள், மெஷினிலும் டேக் மாட்டுங்கள். ஆபீஸ் மேஜையில் ஒப்படைக்காமல் மெஷின் முன்னால் நின்று ஒப்படையுங்கள். வருபவரிடம், "நான் சொன்னதுல இன்னிக்கு உங்களுக்குத் தொல்லை எதுல வரும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பஸ் நேரம் இடம் தரவில்லை என்றால், அதை மேனேஜரிடம் எடுத்துச் செல்வதும் உங்கள் வேலைதான்.

படி 5: கெட்ட செய்தி உங்களிடம் வர வழி செய்வது

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. கே.எல்.எம். விமானம் புறப்படுவதற்காக ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இருந்தது. பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். அதன்பின் விமானத் துறை, கீழே இருப்பவர் மறுபடி கேட்பதற்கும் மேலே இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் தனிப் பயிற்சியே உருவாக்கியது.

சந்தேகம் அந்த இன்ஜினியருக்கு வந்தது, வாயைத் திறந்து கேட்கவும் செய்தார். ஒரே ஒரு பதிலில் அது அடங்கிப்போனது. நம் ஊர் ஃபேக்டரியில் முதல் தடவை கேட்பதே அபூர்வம்.

டொயோட்டாவில் கோளாறு கண்ட தொழிலாளி லைன் ஓரத்துக் கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும். டீம் லீடர் அங்கே ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். இழுத்ததற்காக அவர் திட்டு வாங்குவதில்லை. கயிறும் விளக்கும் வாங்கி மாட்டுவது சுலபம். இழுத்தபின் வருகிறவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் யாராவது "சார், ஒரு பாக்ஸ் பீஸ் போச்சு" என்று வந்து நின்றால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. எப்ப கவனிச்சீங்க? அதுக்கு முன்னாடி ஓட்டினது எங்க இருக்கு?" யார், ஏன் என்பதெல்லாம் பிறகு. தவறான பீஸ் வெளியே போகாமல் தடுப்பதுதான் இப்போதைய அவசரம். முதல் வாக்கியம் 'கண்ணு எங்க வெச்சிருந்த?' என்றால், அடுத்த தடவை கெட்ட பாக்ஸ் நல்ல பீஸோடு கலந்து கஸ்டமருக்குப் போகும். உங்களுக்கு அது இமெயிலில் தெரியவரும்.

படி 6: நீங்கள் மேலே சொல்வது

மேனேஜரிடம் சொல்லும்போது நம்மவர்கள் கதையாகச் சொல்வார்கள். காலையில் இருந்து ஆரம்பித்து, நடுவில் மெயின்டனன்ஸ்காரர் பற்றிய ஆதங்கம், கடைசியில் விஷயம். அதற்குள் அவருக்கு போன் வந்துவிடும். அமெரிக்கக் கடற்படையில் இருந்து மருத்துவமனைகளுக்குப் பரவிய ஒரு முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள். இந்த நான்கும் இந்த வரிசையில்.

"சார், ரெண்டாவது பிரஸ் 11:20-க்கு நின்னுடுச்சு. ஹைட்ராலிக் ஆயில் லீக், சீல் மாத்த 3 மணி நேரம் ஆகும்னு மெயின்டனன்ஸ் சொல்றாங்க. நாளைக்குப் போக வேண்டியதுல 400 பீஸ் குறையும். நாலாவது பிரஸ்ல அந்த டையைப் போட்டா 250 எடுத்துடலாம், ஆனா அதுல ஓடுறத நிறுத்தணும். நிறுத்தலாமா?"

அரை நிமிடம்கூட ஆகாது. அவர் 'ம்' சொன்னால் போதும். வாட்ஸ்ஆப் குரூப்பில் போடும்போதும் இதே வரிசைதான். அவசரமானதைக் குரூப்பில் மட்டும் போட்டுவிட்டு 'நான்தான் போட்டேனே' என்று சொல்வது தகவல் சொன்னதாக ஆகாது. போன் செய்யுங்கள், பிறகு பதிவுக்காக எழுதுங்கள். மாலைவரை காத்திருந்து நல்ல மூடில் சொல்லலாம் என்றும் நினைக்காதீர்கள். 11:20-க்குத் தெரிந்தால் அவர் கையில் நாலு வழி இருக்கும், 5 மணிக்குத் தெரிந்தால் கத்துவது ஒன்றுதான் பாக்கி.

படி 7: தவறைச் சொல்வது

தனியாக, அன்றே, நடந்ததை மட்டும். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொன்னால் அவர் வாழ்க்கையையே பாதுகாக்கத் தொடங்குவார். "இன்னிக்கு கேஜ் வைக்காம முப்பது பீஸ் போயிருக்கு, என்ன ஆச்சு?" என்று சொன்னால் பதில் வரும். சில சமயம் கேஜை இன்னொரு லைன்காரர் எடுத்துப்போயிருப்பார். பிரச்சினை ஆளிடம் இல்லை என்று அப்போது தெரியும். வயதில் மூத்தவரிடம் 'ங்க' விகுதி போகவே கூடாது. கோபத்தில்கூட.

பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்லலாம், ஆனால் என்ன செய்தார் என்று சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் 'சூப்பர்' கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் சலித்துவிட்டது.

படி 8: ஆங்கிலமும் மீட்டிங்கும்

சரி, இப்போது ஆங்கிலத்துக்கு வரலாம். ஆடிட், கஸ்டமர் விசிட், மாதாந்திர ரிவ்யூ, இந்த மூன்றிலும் வரும் வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மொத்த மொழியையும் பிடிக்கப் போக வேண்டாம். எண்களையும் போக்கையும் ஒரு சார்ட்டில் வைத்துக்கொண்டு பேசினால் பாதி ஆங்கிலத்தை அந்த சார்ட்டே பேசிவிடும்.

நாலு பேர் முன்னால் நிற்கும் கூச்சம் போக டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்கள் நல்ல இடம். 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கியது. இன்று சென்னை, கோவையிலும் கிளப்கள் இருக்கின்றன. முன்தயாரிப்பு இல்லாமல் ஓரிரு நிமிடம் பேச வைப்பார்கள். 'ஆ', 'ம்' எத்தனை வந்தது என்று எண்ண ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை எரிச்சலாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும். ஆனால் அங்கே கைதட்டல் வாங்குகிறவர் லைனிலும் நல்ல தலைவராக இருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 9: உங்கள் இடத்துக்கு ஆள் தயார் செய்வது

'நான் இல்லேன்னா லைன் ஓடாது' என்று பெருமையாகச் சொல்கிற சூப்பர்வைசரை எந்த மேனேஜரும் அடுத்த பதவிக்கு நகர்த்த மாட்டார். நகர்த்தினால் லைன் நின்றுவிடுமே. அப்ரைசலில் இவர்கள் ஏன் அதே இடத்தில் இருக்கிறார்கள் என்று யோசித்தால் பல சமயம் இதுதான் விடை.

படி 1-இல் போட்ட அட்டவணையை மறுபடி எடுங்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத வேலைகள் எவை? அவற்றை ஒவ்வொன்றாக, படி 2-இல் சொன்ன நான்கு கட்டத்தில் ஒருவருக்குக் கைமாற்றுங்கள். கைமாற்றும்போது எதுவரை அவரே முடிவு செய்யலாம், எதற்குமேல் உங்களைக் கேட்க வேண்டும் என்று அளவு சொல்லுங்கள். "அரைமணி நேரத்துக்குள்ள முடியுற பிரேக்டவுன்னா நீங்களே பாத்துக்குங்க, அதுக்கு மேல போனா எனக்கு போன்" என்பது போல. ஐந்து நிமிட மீட்டிங்கை வாரம் ஒருநாள் வேறொருவரிடம் விடச் சொன்னது இதற்காகத்தான். யாருக்கு நடுக்கம், யாருக்கு நிதானம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒருநாள் முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போங்கள். போனை அணைக்க வேண்டாம். எந்தெந்த விஷயத்துக்கு அழைப்பு வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித்தர ஆரம்பிக்கலாம்.